ஆறாம் நரம்பு

அன்று காலையில் எனக்கு இரண்டு புருஷன்மார். ஒருத்தரையே தாங்க முடியவில்லை என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். கர்த்தர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போல. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இடது பக்கம் பார்த்தால், வாசலில் இரண்டு பேர். ஒரே கட்டம் போட்ட கைலி, ஒரே வழுக்கை, கையில் ஒரே மாதிரி கட்டன் சாயா. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, "எட்டி, சாயா ஆறுது" என்றார்கள்.

"இஞ்ச பாருங்க, நீங்க ரெண்டாட்டு தெரியுதிய" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணே கூடுதல்" என்று சொல்லிவிட்டுச் சாயாவை வைக்க வந்தார். நான் கையை நீட்டினேன். எந்த டம்ளர் உண்மை, எது பொய் என்று தெரியாமல் பொய்யைப் பிடித்துவிட்டேன். சாயா முழுக்கப் படுக்கையில்.

பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் கோளாறே அது. ஒரு கண்ணைப் பொத்தினால் புருஷன் ஒருத்தர். மறுகண்ணைப் பொத்தினாலும் ஒருத்தர். இரண்டையும் திறந்தால் ஜோடியாக வந்து நிற்கிறார். வலது பக்கம் போகச் சொன்னேன், இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டது. இடது பக்கம் வரச் சொன்னேன், பிரிந்துபோனது. "கொஞ்சம் தள்ளுங்க, இன்னும் கொஞ்சம்" என்று மனுஷனை அறை முழுக்க நடத்திக்கொண்டிருந்தேன். கிட்டே வந்தால் ஏறக்குறைய ஒன்றாகிறார், தூரப் போகப்போக நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. பிறகு குளியலறைக்குப் போக எழுந்தவள், இல்லாத கதவு நிலையைப் பிடித்து, தரை கப்பல் மாதிரி சாய, அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலும் சிரித்தேன். தலை சுற்றல் பாதி, சிரிப்பு பாதி.

சிரிப்பு நின்றது ஒரு நினைப்பு வந்தபோதுதான். அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்தது.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு ஒரு தையல் கடை உண்டு. பிளவுஸ், சுடிதார், கல்யாண வேலை எல்லாம். எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளை முக்காட்டைத் தலையில் வைத்து ஊசி குத்திவிடுவது அப்பாவின் கூடப்பிறந்தவள். எனக்கு என் மாமி குத்தினார். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. அண்ணன் மகள் நாலு வயதில் என் கடை வெட்டுத்துணியை எல்லாம் தலையில் போட்டுக்கொண்டு, "மாமி, குத்து" என்று வந்து நிற்பாள். அன்று முதல் அந்த முக்காடு என்னுடையது என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அழைப்பு வரும், அது தெரியும். முக்காடு கையில் வருமா என்பதுதான் கேள்வி. இப்போது கண்ணும் போய்விட்டது.

மைனி பேசாமல் போனதற்குக் காரணம் என் வாய். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மைனிக்குச் சின்ன வயது முதல் ஒரு கண் சற்று வெளியே விலகியிருக்கும். அழகான முகம், அதில் இது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞானஸ்நான விருந்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம். போட்டோக்காரர், "இங்கே பாருங்கள்" என்றார். நான் சும்மா இருக்கவேண்டியதுதானே? "எங்க மைனிய எங்க பாக்கச் சொன்னாலும் ஒரு கண்ணு நெய்யாற்றின்கரை பஸ்ஸ பாக்கும், மத்த கண்ணு களியக்காவிளை பஸ்ஸ பாக்கும்" என்றேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மைனி வரிசையை விட்டு இறங்கிப் போனார். அந்தப் படத்தில் அவர் நின்ற இடம் காலியாக இருக்கிறது. அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வேடிக்கைக்குச் சொன்னதற்கு இவ்வளவா என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். வீம்புக்கு இரண்டு வருஷம் என்பது ஒன்றுமே இல்லை.

கண் ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரையில். ஜங்ஷனில் நின்றோம், இரண்டு பஸ் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. நான் இல்லாத பஸ்ஸில் ஏறப் போனேன். "எட்டி, அது ரோடாக்கும்" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார் இவர்.

டாக்டர், அண்ணன் மகள் வயதுப் பெண். மலையாளம்தான் பேசினாள். ஒரு பேனாவை என் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆன்ட்டி, தல அனக்கண்டா, பேன மாத்ரம் நோக்கியா மதி" என்றாள். தலையை அசைக்காமல் பேனாவை மட்டும் பார்த்தால் போதுமாம். பேனா வலப்பக்கம் போனது, மேலே, கீழே. பிறகு நடுவே வந்து இடப்பக்கம் போனது, மேலே, கீழே. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று.

"டாக்டரே, இது எச்சாக்கும்!"

கேரளத்தில் கார் லைசென்ஸ் எடுக்கப் போனவர்களுக்கு எச் என்றால் ராத்தூக்கம் போகும். கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக எச் எழுத்து மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும். பத்து வருஷத்துக்கு முன் நான் ஒரே சுற்றில் மூன்று கம்பியைச் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். இப்போது கண்ணாலும் எச்சில் தோற்றேன். வலது கோட்டில் இரண்டு கண்ணும் ஒழுங்காகப் போயின. இடது கோட்டுக்கு வலது கண் வந்துவிட்டது, இடது கண் பாதி வழியில் வண்டி நின்ற மாதிரி நின்றுவிட்டது. டாக்டர் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.

அவள் ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு கண்ணுக்கு ஆறு தசை. நாலு தசை நேராக இழுக்கும்: மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம். இரண்டு தசை சாய்வாகப் பிடிக்கும். அதில் ஒன்று, கண்குழியின் மேல்மூலையில் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து திரும்பி வந்து கண்ணைப் பிடிக்கிறதாம், கிணற்றுக் கப்பியில் கயிறு போகிற மாதிரி. "எக்க கண்ணுக்குள்ள கப்பி உண்டா?" என்று நான் கேட்டதில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உண்டு, இரண்டு கண்ணிலும் உண்டு. எனக்கு ஏனோ அன்று முழுக்க அதில் ஒரு பெருமை.

இந்த ஆறு தசைக்கும் மூளையிலிருந்து மூன்று நரம்பு வருகிறது. மூன்றாம் நரம்பு நாலு தசையைப் பார்த்துக்கொள்கிறது, போதாததற்கு இமையையும் தூக்குகிறது. நாலாம் நரம்புக்குக் கப்பி வேலை. ஆறாம் நரம்புக்கு ஒரே ஒரு வேலை, கண்ணைக் காதுப் பக்கம் இழுப்பது. அந்த ஒரு வேலையையும் செய்யாமல் என் இடது ஆறாம் நரம்பு படுத்துவிட்டது. "எங்க வீட்டிலயும் இப்படி ஒரு ஆளு உண்டு" என்று சொல்லி இவரைப் பார்த்தேன். இரண்டு இவரும் முறைத்தார்கள்.

நான் இடது பக்கம் பார்க்க நினைத்தால் மூளை இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் உத்தரவு அனுப்புகிறது. இடது கண்ணை வெளியே இழு, வலது கண்ணை உள்ளே இழு. இது எனக்கு உடனே பிடிபட்டது. மிஷினில் மேல் நூலும் பாபின் நூலும் ஒரே இழுவையில் இருந்தால்தான் தையல் நேராக விழும். ஒன்று தொய்ந்தால் துணி சுருங்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போகும். என் கண்ணில் நூல் தொய்ந்திருந்தது. இரண்டு கண் இரண்டு இடத்தைப் பார்க்க, மூளை எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்க்கரையால் அந்த நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் சின்னக் குழாய் அடைத்திருக்கிறதாம். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடிக்கண்டா ஆன்ட்டி. ஆறாம் ஞரம்பாணு. ரண்டு மூணு மாசம் கொண்டு மாறும்" என்றாள். பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று மாசத்தில் மாறுமாம். மலையாளத்தில் நோய் மாறும் என்றால் குணமாகும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்.

இனி நடந்ததற்கு இவர்தான் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டில் நின்று என் அண்ணனுக்கு போன் போட்டார். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது, கண்டக்டர் கத்துகிறார். இவர் அதைவிடச் சத்தமாக, "ஆறாம் நரம்பாம்! மாறுமாம் கண்ணு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் என் அண்ணனுக்குக் கேட்டது, "ஆறா நரம்பாம்! மாறுகண்ணாம்!"

வேறு எந்த ஊரிலும் இது நடக்காது. இரண்டு பாஷையையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற எங்கள் ஊரில்தான் நடக்கும். ஆறாவது நரம்பு, ஆறவே ஆறாத நரம்பாகிவிட்டது. குணமாகப்போகும் கண், மாறுகண்ணாகிவிட்டது. நாங்கள் அமரவிளை தாண்டுவதற்குள் சேதி ஜங்ஷனில் இறங்கி, சாயாக்கடையில் உட்கார்ந்து, சபை வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள். ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு சீப்பு ஏத்தம்பழம், சர்க்கரைக்காரிக்கு ஹார்லிக்ஸ். போதகரின் மனைவி என் தலையில் கைவைத்து ஜெபித்து, அழுது, மூக்கைச் சிந்தினார். ரெட்டைப் பார்வைக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு போதகர் மனைவிகள் அழுததால் துக்கம் அதிகமாகத் தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரி என் பிளவுஸ் கத்தரிக்கோலைத் தடவிப் பார்த்து, "இத இனி என்ன செய்யப்போற?" என்று கேட்டாள். "வெட்டப்போறேன்" என்றேன். அவள் என் தைரியத்தைப் பார்த்து இன்னும் அழுதாள்.

சனிக்கிழமை அண்ணன் மகள் போனில் கூப்பிட்டாள். "மாமி, இனி ஆறாதாமே? மாறுகண்ணாமே?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அடி கழுதை, ஆறாவது நரம்பு, மாறும் என்றார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள், "அம்மை அழுதாவ மாமி. ரெண்டு நாளா கஞ்சி குடிக்கல" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடிய முதல் சந்தர்ப்பம் அது. என் மைனி எனக்காக அழுதாரா? இரண்டு வருஷம் முகம் கொடுக்காதவர், எனக்காகக் கஞ்சி குடிக்காமல் இருக்கிறாரா? போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன், "கண்ணு மாறும்ணு நீங்க யாருட்டயும் சொல்லப்பிடாது." இவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லமாட்டார். "என்னமும் செய்யி" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். எதிரே இருப்பதை ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்றால் நான் முகத்தை இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணை வலதுபக்கம் ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்படித் திருப்பிக்கொண்டு பாடினேன். பாட்டுப் புத்தகம் ஒன்று, போதகர் ஒருத்தர், எல்லாம் சரியாக இருந்தது. மைனி என் வரிசையிலேயே வலது கோடியில் இருந்ததை நான் யோசிக்கவில்லை. பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் கண்டது என்ன? மைனி வந்து உட்கார்ந்ததும் நாத்தனார்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மணி நேரம் திரும்பவே இல்லை.

காணிக்கை எடுக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருத்தி என் முதுகில் இடித்து, "எதுக்காக்கும் அவளப் பாத்து மொகத்த திருப்புத?" என்று கேட்டாள். ஐயோ என்று முகத்தை நேராக வைத்தேன். இரண்டு போதகர், இரண்டு பலிபீடம், ஒரு சிலுவைக்கு இரண்டு சிலுவை. தலை கிறுகிறுத்து வலது பக்கம் பார்த்தேன். அங்கே மைனி, தெளிவாக, ஒரே ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரும் எனக்கு இரட்டை, மைனி மட்டும் ஒன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கண்ணுக்கு ஓய்வாக இருந்ததால் பிரசங்கம் முடியும் வரைக்கும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மைனி கையால் தன் கண்ணை மறைத்துக்கொண்டார். அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் நான் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் திருப்பினாலும் குற்றம், திருப்பாவிட்டாலும் குற்றம். முக்காடு போச்சு என்று அன்று வீட்டுக்கு வந்து மெய்யாகவே அழுதேன். அழும்போது கண்ணாடியில் பார்த்தேன், நாலு கண்ணில் கண்ணீர் வந்தது, திரும்பவும் சிரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைனி வந்தார். ஒரு தூக்குப் பாத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் மீன்கறியும். படியேறி வந்து என் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மைனிகள், நாலு கம்மல். நான் கழுத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் திணறினேன். மைனி ஒரு நிமிஷம் என் கண்ணையே கவனித்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

"இப்பம் ஒண்ணாட்டு தெரியுதா?"

"உண்டு மைனி."

"கோயில்ல நீ எதுக்கு அப்படி இருந்தேண்ணு ராத்திரி முழுக்க யோசிச்சேன். பிறகு தெரிஞ்சுது. கண்ணுக்கு வசதியான இடத்த கழுத்து தேடும். எனக்குத் தெரியாதா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய பேச்சு இது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "மைனி, நீங்க சின்னதிலிருந்தே இப்படி ரெண்டு ரெண்டாட்டா பாக்குதிய? எப்படித் தாங்குனிய?"

மைனி சிரித்தார். "எனக்கு ஒண்ணாட்டாக்கும் தெரியுது. பிள்ளையிலே கண்ணு விலகினா மூளை பழகிக்கும்ணு டாக்டர் சொன்னாவ. விலகின கண்ணு என்னத்தக் காட்டுனாலும் மூளை கண்டும் காணாத மாதிரி இருந்திரும். ஒனக்கு வயசான பிறகு வந்ததால்தான் ரெண்டும் முட்டுது." பிறகு மீன் முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஆறாதுண்ணா ஆறாது, போட்டும். முக்காடு நீதான் குத்தணும். எக்க மவளுக்கு வேற யாரு உண்டு?" என்றார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். நான் மரச்சீனியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் போன வேகம் தெரியவில்லை. மைனி தினமும் கடைக்கு வந்து எனக்கு ஊசி கோர்த்துத் தந்தார். ரோட்டைக் கடக்கும்போது என் இடப்பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். இரட்டை தெரியாமலிருக்க ஒரு கண்ணைப் பொத்தத் துண்டுத்துணி வேண்டியிருந்தது. கடை வெட்டுத்துணியில் சேலைக்குச் சேலை பொருத்தமாக நானே தைத்துக்கொண்டேன், பச்சைக்குப் பச்சை, ஊதாவுக்கு ஊதா, ஓரத்தில் ஜரிகை வைத்து ஒன்று. பிளவுஸ் தைக்க வந்தவர்கள் அதற்கும் அளவு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். டாக்டர் எச் வரைந்த கதையை மைனிக்குக் கையில் ஸ்கேலைப் பிடித்து நடித்துக் காட்டினேன், மைனி மிஷின் மேல் கவிழ்ந்து சிரித்தார். இந்த வயதில் இப்படிப் பைத்தியம் மாதிரி இரண்டு பெண்கள் சிரிப்பதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். இடப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. ஒன்றே ஒன்று. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒன்றுதான். ஐயோ, ஆறிவிட்டதே!

இந்த மாதிரி வருத்தத்தோடு யாரும் குணமாகியிருக்கமாட்டார்கள். டாக்டரிடம் ஓடினேன். பேனா எச் போட்டது, என் கண்கள் இரண்டும் ஒரு கம்பியையும் தட்டாமல் போய் வந்தன. "பாஸ்!" என்றாள். "டாக்டரே, இது இன்னும் கொஞ்சம் பைய மாறுனா போதும், கல்யாணம் முடியட்டு" என்றேன். அவள் சர்க்கரை அளவு சரியா என்று திரும்பவும் பார்த்தாள்.

மூன்று வாரம் நடித்தேன். முகத்தைத் திருப்பி வைத்து வைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்தை ஏமாற்றலாம், கண்ணை ஏமாற்ற முடியாது. இடப்பக்கம் ஏதாவது அசைந்தால், ஒரு காக்கா பறந்தால்கூட, நான் வேண்டாம் என்று நினைப்பதற்கு முன்னால் கண் இரண்டும் சேர்ந்து அங்கே போய் நின்றிருக்கும். என் தலைக்குள்ளேயே எனக்கு அடங்காத ஓர் ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மைனி இடப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட நூல்கண்டை ஒற்றைக் கையில் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு, வேண்டுமென்றே கீழே போட்டேன். மைனி குனிந்து அதை எடுத்து அடுத்த ஊசியைக் கோர்த்தார்.

கல்யாணக் காலை. அண்ணன் வீட்டு உள்ளறையில் பெண் வெள்ளைச் சேலையில் ஸ்டூலில் இருந்தாள். நான் முக்காட்டை விரித்து அவள் தலையில் வைத்து, மடிப்பு எடுத்து, கையை நீட்டினேன். மைனி ஊசிகளோடு என் இடப்பக்கம் நின்றிருந்தார். ஓர் ஊசியைத் தூக்கிப் பிடித்தார். தரவில்லை. என் முகத்துக்கு நேரே அதை மெதுவாக வலது பக்கம் கொண்டுபோனார், மேலே, கீழே. நடுவே கொண்டுவந்து இடது பக்கம் கொண்டுபோனார். மேலே, கீழே. ஊசியின் தலையில் முத்து மினுங்கியது. பார்க்காதே, பார்க்காதே என்று நான் கெஞ்சக் கெஞ்ச, என் பாவி கண்கள் இரண்டும் கைகோர்த்துக்கொண்டு எச்சை முழுதாகப் போட்டு முடித்தன.

"பாஸாயிட்டியே எட்டி" என்றார் மைனி.

முக்காடு நழுவப் பார்த்தது. "மைனி, அது ஆறா நரம்பு இல்ல. ஆறாவது நரம்பாக்கும். மாறும்ணு அன்னைக்கே சொன்னாவ. நான் சொல்லாம இருந்தேன். சொன்னா நீங்க வரமாட்டியளோண்ணு. மன்னிச்சிரணும் மைனி. இதுக்கும், அன்னைக்கு போட்டோவில பஸ்ஸுண்ணு சொன்னதுக்கும். ரெண்டு வருஷமா சொல்லத் தெரியாம கெடந்தேன்."

"நூல்கண்ட நீ பிடிச்ச அன்னைக்கே தெரியும்" என்றார் மைனி.

"பின்ன எதுக்கு சொல்லல?"

"சொன்னா நான் திரும்பவும் பிணங்கணும் இல்லியா? எனக்கு மேலாது. பிணங்கிப் பிணங்கி சீணமாச்சு." ஊசியை என் விரலில் வைத்து அழுத்தினார். "கண்டும் காணாத மாதிரி இருக்கது எக்க மூளைக்குப் பழக்கமாக்கும். குத்து. கோயிலுக்கு நேரமாச்சு."

"மாமி, குத்து" என்றாள் பெண்ணும், நாலு வயதில் சொன்ன மாதிரியே. குத்தினேன். ஏழு ஊசி. ஒன்றும் தவறவில்லை.

கோயில் படியில் போட்டோவுக்கு நின்றோம். போட்டோக்காரப் பையன், "எல்லாரும் இங்கோட்டு நோக்கணே" என்று கையை ஆட்டினான். மைனி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக்கா, எங்க நாத்தனாருக்க ஒரு கண்ணு நெய்யாற்றின்கரை பஸ்ஸ பாக்கும். பாத்து எடு" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. இந்தத் தடவை வரிசையை விட்டு யாரும் இறங்கவில்லை.

அந்தப் படம் என் கடையில் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் வாயெல்லாம் பல்லாக இடது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மைனி அந்தப் பக்கம்தான் நின்றார்.